மேட்டிலும் பள்ளத்திலும் அம்பு ஏன் விலகுகிறது? வில் சைட்டின் லெவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமதரையில் காம்பவுண்ட் வில்லை (முனைகளில் கப்பி வைத்த வில்) நன்றாக எய்துகொண்டிருந்தவர்கள், முதல் தடவை மலைப்பாங்கான ஃபீல்டு ஆர்ச்சரி (இலக்குக்கு இலக்கு நடந்துபோய் எய்யும் போட்டி) தடத்துக்குப் போய்விட்டு வந்து என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் வலதுகைக்காரர், இடதுகைக்காரர் இருவருக்கும் ஒன்றேதான். வலம், இடம் என்று நான் சொல்வது வில்லுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது தெரியும் வலமும் இடமும்.

சமதரையில் எல்லா அம்பும் நடுவில் விழுகிறது. மேட்டில் மட்டும் ஏன் ஒரு பக்கமாகப் போகிறது?

முதலில் சந்தேகப்பட வேண்டியது சைட்டுக்குள், அதாவது வில்லில் மாட்டும் குறிபார்க்கும் கருவிக்குள், இருக்கும் குமிழி லெவலை. சமதரையில் சரியாகக் காட்டும் குமிழி, வில்லை மேலே தூக்கினாலோ கீழே தாழ்த்தினாலோ தவறாகக் காட்டலாம். நீங்கள் அதை நம்பிக் குமிழியை நடுவில் கொண்டுவருகிறீர்கள். அப்போது வில் உங்களுக்குத் தெரியாமலே சாய்ந்துவிடுகிறது. வில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அம்பு போகும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மேல்நோக்கி எய்தால் ஒரு பக்கம், கீழ்நோக்கி எய்தால் எதிர்ப்பக்கம், சமதரையில் நடு. இந்த மூன்றும் சேர்ந்து நடந்தால் சைட்டின் மூன்றாம் அச்சு (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் முதல் ஃபீல்டு போட்டியில். ஓடைக்கரை மேட்டில் நின்று கீழே எய்ய வேண்டிய இலக்கு, 45 மீட்டர், நல்ல இறக்கம். மூன்று அம்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன, ஆனால் நடுமஞ்சளில் இல்லை. இடப்பக்கம், கறுப்பு வளையத்தில். காற்று என்று நினைத்து, அம்பு போன பக்கமே சைட்டை இரண்டு கிளிக் நகர்த்தினேன் (சைட்டை இடப்பக்கம் நகர்த்தினால் அம்பு வலப்பக்கம் வரும்). அடுத்த இலக்கு ஏற்றம். மூன்று அம்பும் வலப்பக்கம், முன்பைவிட இரண்டு மடங்கு தள்ளிப் போய் நின்றன. அச்சுப் பிழை ஒருமுறை வலப்பக்கம் தள்ள, நான் நகர்த்திய இரண்டு கிளிக் இன்னொருமுறை தள்ளியிருக்கிறது. அன்று மீதி இலக்குகளிலெல்லாம் நான் துரத்திக்கொண்டிருந்தது இல்லாத காற்றை. சைட்டை விற்ற கடையில் "ஃபேக்டரியிலேயே செட் பண்ணித்தான் வருது, கை வைக்காதீங்க" என்று சொல்லியிருந்தார்கள். நானும் கை வைக்காமலே இருந்தேன்.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரிவில் அம்பு பக்கவாட்டில் போனால், காரணம் தெரியும்வரை பக்கவாட்டுத் திருகைத் தொடாதீர்கள்.

முதல் அச்சு, இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்கிறார்களே, அவை என்ன?

சைட்டில் மேலும் கீழும் நகரும் பகுதி ஒரு நெடுந்தண்டின் மேல் ஓடுகிறது. அதில்தான் லென்ஸும் குமிழியும் உள்ள ஸ்கோப் இருக்கிறது. முதல் அச்சு என்பது அந்தத் தண்டு நாணுக்கு இணையாக நேரே நிற்கிறதா என்பது. நட்ட கம்பம் ஒரு பக்கம் சாய்வதுபோல அது சாய்ந்திருந்தால், 20 மீட்டரிலிருந்து 60 மீட்டருக்கு ஸ்கோப்பை இறக்கும்போது அது கீழே மட்டும் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டிலும் போகும்.

இரண்டாம் அச்சு, ஸ்கோப் காரின் ஸ்டீயரிங்போல வலமாகவோ இடமாகவோ சுற்றியிருப்பது. தண்டு நேரே நிற்கும்போது குமிழி நடுவில் இருக்கிறதா என்பதுதான் இதில் கேள்வி. இது தவறாக இருந்தால் ஏற்றம், இறக்கம், சமதரை எங்கேயும் வில் ஒரே பக்கம் சாயும். தூரம் கூடக்கூட விலகலும் கூடும்.

மூன்றாம் அச்சு, ஸ்கோப் கீலில் திறக்கும் கதவுபோல ஒரு ஓரம் உங்களுக்கு அருகிலும் மறு ஓரம் தள்ளியும் இருப்பது. சமதரையில் இது தெரியவே தெரியாது. கதவை எவ்வளவு திறந்தாலும் அதன் மேல்விளிம்பு தரைக்கு இணையாகத்தானே இருக்கும்! அந்தக் கதவை நிலையோடு சேர்த்துப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். பாதி திறந்த கதவின் மேல்விளிம்பில் ஒரு முனை ஏறிவிடும், மறுமுனை இறங்கிவிடும். வில்லை மேலே தூக்கும்போது லெவலுக்கு நடப்பதும் அதுதான்.

இது எவ்வளவு பெரிய பிழை? கணக்காகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். நொடிக்கு 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.6 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 1.75 மீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் சைட் அம்பை உயர்த்தி அனுப்புகிறது. வில் ஒரு டிகிரி சாய்ந்தால் அந்த உயர்த்தலின் சிறு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடும். 1.75 மீட்டரை ஒரு டிகிரியின் சைனால் பெருக்கினால் கிடைப்பது 3 சென்டிமீட்டர்.

அடுத்தது, அச்சுப் பிழை எவ்வளவு சாய்வைத் தரும் என்பது. மூன்றாம் அச்சு தவறியிருக்கும் கோணத்தின் டேனையும் சரிவின் டேனையும் பெருக்கினால் வில் சாயும் அளவு கிடைக்கும். அச்சு 2 டிகிரி தவறி, சரிவு 30 டிகிரியாக இருந்தால் சாய்வு சுமார் 1.15 டிகிரி. 15 டிகிரி சரிவில் அரை டிகிரிக்குச் சற்று மேல். 45 டிகிரியில் முழு 2 டிகிரியும் வந்துவிடும்.

2 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாத பிழை. சைட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஸ்கோப் நேராகத்தான் தெரியும். ஆனால் 30 டிகிரி சரிவில் 50 மீட்டரில் அதன் விலை சுமார் 3 சென்டிமீட்டர். ஏற்றத்தில் ஒரு பக்கம் 3, இறக்கத்தில் மறுபக்கம் 3. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் ஃபீல்டு இலக்கில் 60 சென்டிமீட்டர் முகத்தை (இலக்குத் தாளை) எடுத்துக்கொண்டால் நடுவில் உள்ள 6 புள்ளி வளையத்தின் விட்டமே 6 சென்டிமீட்டர்தான். நீங்கள் குறையே இல்லாமல் எய்தாலும் அம்பு வளையத்தின் ஓரத்துக்குப் போய்விடும். மனிதக் கை நடுங்குவதற்கு அப்புறம் இடமே மிச்சமில்லை.

சரிசெய்ய என்னென்ன வேண்டும்?

வில்லைப் பிடித்துக்கொள்ள, சாய்க்கக்கூடிய கழுத்துள்ள ஒரு வில் வைஸ். சைட்டுக்கு ஏற்ற ஆலன் கீ. அப்புறம் ஒரு தூக்குக்குண்டு.

கொத்தனார் வைத்திருக்கும் குண்டுதான் வேண்டும் என்பதில்லை. தூண்டில் நரம்பில் கனமான ஒரு நட்டைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டால் போதும். அது ஆடிக்கொண்டே இருந்தால் கீழே வாளியில் தண்ணீர் வைத்து நட்டை அதற்குள் முங்கவிடுங்கள். சில நொடிகளில் நரம்பு அசையாமல் நின்றுவிடும்.

ரசமட்டம் வைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அந்த ரசமட்டமே சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பலகையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கம் அதே அளவில் நின்றால் மட்டம் சரி, பலகைதான் சாய்வு. பக்கம் மாறினால் மட்டமே தவறு. தூக்குக்குண்டுக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதல், இரண்டு, மூன்று. வரிசை மாறினால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

வில்லை வைஸில் மாட்டுங்கள். ரைசரில் (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) கீறல் விழாமல் இருக்க ஒரு துண்டுத் துணி கொடுக்கலாம். தூக்கு நரம்பு வில்லுக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் தொங்கட்டும். நீங்கள் வில்லுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வில்லின் நாண் மேலிருந்து கீழ்வரை நரம்பை முழுதும் மறைக்கும்படி வில்லைத் திருத்துங்கள். இப்போது வில் நேரே நிற்கிறது.

சைட்டின் நெடுந்தண்டு நரம்புக்கு இணையா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் அச்சுத் திருகைத் தளர்த்தித் தண்டை நேராக்குங்கள். அந்தத் திருகு இல்லாத சைட்டாக இருந்தால் வில்லை மெல்லச் சாய்த்துத் தண்டை நரம்புக்கு இணையாக்குங்கள். வில் ஒரு மயிரிழை சாய்ந்து நின்றாலும் பரவாயில்லை. ஸ்கோப் ஏறி இறங்கும் தடம் தண்டுதான், அதனால் அது நேராக இருப்பதே முக்கியம்.

தண்டு நேரானதும் குமிழியைப் பாருங்கள். நடுவில் இல்லையென்றால் ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகை ஒரு கால் சுற்றுத் தளர்த்தி, ஸ்கோப்பைச் சுற்றிக் குமிழியை நடுவில் கொண்டுவந்து இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்கோப் கூடவே சுற்றும். எனவே இறுக்கியபின் மறுபடி பாருங்கள். இது இரண்டாம் அச்சு.

இனி மூன்றாவது. வைஸின் கழுத்தைத் தளர்த்தி, வில் மேல்நோக்கி 40 டிகிரி அளவுக்குப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். மறுபடி பின்னால் போய் நின்று, நாண் நரம்பை மறைக்கிறதா என்று பாருங்கள். வில் முன்னும் பின்னும் எவ்வளவு சாய்ந்தாலும், பின்னாலிருந்து பார்க்கும்போது நாண் நரம்பின் மேலேயே நிற்க வேண்டும். தண்டை வைத்து நேர் பார்த்தவர்கள் இங்கேயும் தண்டை வைத்தே பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். வைஸ் சாயும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் போய்விடும், அதைப் பார்க்காமல் ஸ்கோப்பைத் திருப்புவார்கள். அப்படிச் செய்தால் இல்லாத பிழையைச் சைட்டுக்குள் ஏற்றியதாகிவிடும்.

வில் நேர் என்று உறுதியானதும் குமிழியைப் பாருங்கள். வலப்பக்கம் ஓடியிருந்தால் லெவலின் வலது முனை மேலே இருக்கிறது என்று பொருள். அதாவது அந்த முனை உங்களைவிட்டுத் தள்ளி இருக்கிறது. மூன்றாம் அச்சுத் திருகைத் தளர்த்தி ஸ்கோப்பின் வலது ஓரத்தை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் ஓடியிருந்தால் இடது ஓரத்தை. பிறகு வில்லைக் கீழ்நோக்கி 40 டிகிரி சாய்த்து அதே சோதனை. குமிழி அங்கேயும் நடுவில் நின்றால் வேலை ஏறக்குறைய முடிந்தது.

கடைசியாக வில்லை மறுபடி சமமாக்கி இரண்டாம் அச்சைப் பாருங்கள். மூன்றாவதைத் தொட்டால் இரண்டாவதும் சற்று அசையும். மறுபடி திருத்தி, மறுபடி மூன்றாவதைப் பார்த்து, இப்படி இரண்டு சுற்றில் ஒரு நிலைக்கு வந்துவிடும்.

நான் 20 டிகிரிக்கு மேல் சரிவில் எய்வதே இல்லை. 40 டிகிரியில் ஏன் சோதிக்க வேண்டும்?

சரிவு கூடினால் பிழை பெரிதாகத் தெரியும். 20 டிகிரியில் குமிழி கோட்டிலிருந்து ஒரு முடியளவு நகரும், பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். அதே பிழை 40 டிகிரியில் தெளிவாகக் கண்ணில் படும். அங்கே சரிசெய்தால் 20 டிகிரியில் தானாகவே சரியாகிவிடும்.

வைஸில் சரியாகச் செய்துவிட்டேன். மலையில் இன்னும் விலகுகிறதே?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

வைஸில் இருக்கும் வில்லும் முழுதாக இழுத்த வில்லும் ஒன்றல்ல. இழுக்கும்போது கேபிள் கார்டு என்னும் தண்டு கேபிள்களை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்திருப்பதால் ரைசர் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். உங்கள் உள்ளங்கை கைப்பிடியில் உட்காரும் விதமும் அதை ஒரு பக்கம் திருப்பும். ரைசர் திரும்பினால் அதோடு சைட்டும் கதவுபோலத் திரும்பும். இந்தத் திருப்பம் நடப்பது மூன்றாம் அச்சில்தான். வைஸில் துல்லியமாக வைத்தது இழுத்தபின் அப்படியே இருக்காது. ஒரே வில்லை இரண்டு பேர் இழுத்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு அளவில் மாறும்.

ஆகவே கடைசித் திருத்தத்தை முழு இழுவையில்தான் செய்ய வேண்டும். பலர் வீட்டுச் சுவருக்கு எதிரே நின்று மேல்நோக்கி இழுத்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அம்பு மாட்டி மேல்நோக்கி இழுத்து, ரிலீஸ் (நாணை விடும் கருவி) தவறினால் அந்த அம்பு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அம்பு இல்லாமல் இழுத்துத் தவறினால் வில் உடையும், கையும் முகமும் காயப்படலாம்.

கீழ்நோக்கிச் செய்யுங்கள். மூன்றாம் அச்சுப் பிழை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே அளவுதான், பக்கம்தான் மாறும். இறக்கத்தில் சரிசெய்தால் ஏற்றத்துக்கும் அது போதும். பயிற்சித் திடலில் 4 மீட்டர் உயர மேடையோ மண்மேடோ இருந்தால், அதிலிருந்து 7 மீட்டர் தள்ளித் தரையில் பெரிய இலக்குப் பலகையை வையுங்கள். கோணம் 30 டிகிரிக்குச் சற்று மேலே வரும். பலகைக்குப் பின்னாலும் பக்கத்திலும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலகைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கயிற்றில் குண்டு கட்டித் தொங்கவிடுங்கள். மேலிருந்து பார்த்தாலும் அந்தக் கயிறு உங்கள் பார்வையில் நேர்க்கோடாகத்தான் தெரியும்.

அம்பு மாட்டி, பலகையைப் பார்த்தபடி இழுங்கள். குமிழியைப் பார்க்காமல் முதலில் நெடுந்தண்டின் ஓரத்தைக் கயிற்றுக்கு இணையாக்குங்கள். இணையானதும் குமிழியைப் பாருங்கள். திருத்த வேண்டாம், எங்கே நிற்கிறது என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, எய்யாமல் மெல்ல நாணைத் தளர்த்துங்கள். மூன்று தடவை இப்படி. மூன்றிலும் குமிழி ஒரே இடத்தில் நின்றால் அதை நம்பலாம்.

கீழ்நோக்கிப் பார்க்கும்போது திசை தலைகீழ் என்பதை மறந்துவிடாதீர்கள். குமிழி வலப்பக்கம் ஓடினால், மேலே ஏறியிருக்கும் வலது முனை உங்களுக்கு அருகில் இருக்கிறது. அதை உங்களைவிட்டுத் தள்ள வேண்டும். என் சைட்டில் ஸ்கோப் நகர்ந்தது கண்ணால் அளக்க முடியாத அளவுதான். திருகைத் தளர்த்தி நகத்தால் ஒரு தட்டு, அவ்வளவே. அதற்கே கோட்டைத் தாண்டிப் பாதியளவு வெளியே நின்ற குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது.

என் சைட்டில் மூன்றாம் அச்சுத் திருகே இல்லை. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

விலை குறைந்த சைட்டுகள் பலவற்றில் இருக்காது. வாங்குவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. சைட்டின் பிடிமானத் தகடு ரைசரின் பக்கவாட்டில் ஒட்டி உட்காருகிறது. தகட்டின் முன் ஓரத்தின் கீழோ பின் ஓரத்தின் கீழோ மெல்லிய உலோகத் துண்டு கொடுத்தால் சைட் முழுவதும் கதவுபோலக் கொஞ்சம் திரும்பும். குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய துண்டு போதும். அதன் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் அகலத் தகட்டின் ஒரு ஓரத்தில் அதை வைத்தால் 0.3 டிகிரி அளவுக்குத் திரும்பும். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துப் பாருங்கள். டின்னின் ஓரம் பிளேடுபோல வெட்டும், உப்புத்தாளில் தேய்த்துவிட்டுக் கையாளுங்கள். நான்கைந்து துண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டால் தகடு சரியாக உட்காராது, எய்யும் அதிர்வில் தளர்ந்துவிடும். அப்போது வேறு சைட் பார்ப்பதே நல்லது.

சரிவில் தூரத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

இது லெவலோடு சேர்ந்ததல்ல, ஆனாலும் எல்லாரும் சேர்த்தே கேட்பதால் சொல்கிறேன். அம்பை இறக்குவது அது கடக்கும் கிடைத்தூரம்தான், சரிவுத் தூரம் அல்ல. சரிவுத் தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மீட்டர், 20 டிகிரி என்றால் சைட்டில் 47. 40 மீட்டர், 30 டிகிரி என்றால் ஏறக்குறைய 34.5. ஏற்றம், இறக்கம் இரண்டிலும் குறைக்கத்தான் வேண்டும், கூட்டவே கூடாது. இறக்கத்தில் குறைப்பதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஏற்றத்தில்தான் மனம் கேட்காது. ஒருமுறை எய்து பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும்.

15 டிகிரிக்குள் குறைவு மூன்றரை சதவீதத்துக்கும் கீழே. குறுகிய தூரங்களில் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

லெவலும் சரி, தூரமும் சரி. அப்படியும் தவறினால்?

உடம்பைப் பாருங்கள். சமதரையில் இரண்டு தோளும் இரண்டு கையும் ஒரே கோட்டில், அந்தக் கோட்டுக்கு முதுகெலும்பு செங்குத்தாக இருக்கும். சரிவில் அந்த வடிவம் கெடாமல் இடுப்பிலிருந்து மடங்க வேண்டும். பலர் வில் பிடித்த கையை மட்டும் உயர்த்துவார்கள் அல்லது தாழ்த்துவார்கள். அப்போது நாண் முகத்தில் படும் இடம் மாறும், இழுவை நீளம் மாறும், நாணில் உள்ள பீப் துளை வழியே கண் பார்க்கும் கோணமும் மாறும். சமமாக நின்று இழுத்து, முகத்தில் இடம் சேர்ந்தபின் இடுப்பால் சாய்வது நல்ல பழக்கம். கால்கள் மேடுபள்ளத்தில் இருந்தால் எடையை முதலில் சரிபாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கண் ஏமாற்றும். நீங்கள் நிற்கும் இடத்துக்குக் குறுக்கே சரிவு ஓடினால், இலக்குக்குப் பின்னால் மரமும் புல்லும் சாய்வாகத் தெரிய, மூளை அந்தச் சாய்வையே தரைமட்டமாக எடுத்துக்கொள்ளும். வில்லும் அதற்கேற்பச் சாயும். அப்போது குமிழி நடுவில் இருந்தாலும் வில் கோணலாகப் பிடித்திருப்பதுபோலத் தோன்றும். லெவலைக் கவனமாகச் சரிசெய்து வைத்தவருக்குத்தான் அந்த நேரத்தில் கண்ணை விட்டுக் குமிழியை நம்பும் தைரியம் வரும். 2012-இல் பிரான்சின் வால் தீஸேரிலும், 2018-இல் இத்தாலியின் கொர்டினா தாம்பெஸ்ஸோவிலும் உலக ஃபீல்டு சாம்பியன்ஷிப் நடந்தது. இரண்டும் ஆல்ப்ஸ் மலை ஊர்கள். அதுபோன்ற இடங்களில் கண்ணுக்குச் சமதரை என்று எதுவுமே அகப்படாது.

எய்யும்போது குமிழியை எப்போது பார்ப்பது?

இழுத்து முகத்தில் இடம் சேர்ந்ததும் ஒருமுறை, குறி இலக்கின் மேல் அமர்ந்ததும் ஒருமுறை. அதன்பின் கண் இலக்கில்தான் இருக்க வேண்டும். குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தால் குறி அலையும்.

வெயிலில் லெவலுக்குள் இருக்கும் திரவம் விரிந்து குமிழி சிறிதாகும், குளிரில் பெரிதாகும். அதனால் குமிழியின் ஓரத்தைக் கோட்டோடு ஒட்டிப் பார்க்காமல், இரண்டு கோடுகளிலிருந்தும் சம இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிகர்வ் வில்லுக்கும் இது பொருந்துமா?

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி ரிகர்வ் (முனைகள் வளைந்த, கப்பி இல்லாத வில்) சைட்டில் லெவல் வைக்கக் கூடாது. லெவலும் உருப்பெருக்கும் லென்ஸும் காம்பவுண்டுக்கு மட்டும்தான். எனவே ரிகர்வ்காரருக்கு இரண்டாம், மூன்றாம் அச்சுப் பேச்சே இல்லை. தண்டு நாணுக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற முதல் அச்சு மட்டும் அவர்களுக்கும் உண்டு. பேர்போவில் சைட்டே கிடையாது.

இந்தியாவில் காம்பவுண்ட் எய்கிற எனக்கு இது தேவையா?

நீங்கள் சமதரையில் 50 மீட்டர் மட்டும் எய்கிறவர் என்றால் முதல் இரண்டு அச்சும் போதும். 2023-இல் பெர்லினில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் காம்பவுண்ட் தனிநபர் உலகப் பட்டங்களை வென்றது அந்தச் சமதரை 50 மீட்டரில்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேரும் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் அந்த வகைதான். நம் ஊரில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் மூன்றாம் அச்சைப் பற்றிப் பேசாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாள் ஃபீல்டு தடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், போவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். 24 இலக்கு, இலக்குக்கு 3 அம்பு, அம்புக்கு அதிகபட்சம் 6 புள்ளி, மொத்தம் 432. அதில் பாதிக்கு மேல் ஏற்ற இறக்கமாக அமைந்தால் எத்தனை புள்ளி போகும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இந்தத் திருத்தத்தை அதிகம் பேசுகிறவர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து கீழே எய்யும் மான் வேட்டைக்காரர்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதனால் இங்கே நான் எழுதுவதெல்லாம் இலக்குப் பலகைக்கு மட்டும்.

ஒருமுறை செய்தால் போதுமா? எப்போது மறுபடி பார்ப்பது?

வில் கீழே விழுந்தால், விமானத்தில் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனால், ஸ்கோப்பையோ லென்ஸையோ கழற்றி மாட்டினால் மூன்று அச்சையும் பாருங்கள். இழுவை எடையை மாற்றினாலோ, கைப்பிடியை மாற்றினாலோ, கேபிள் கார்டைத் திருப்பினாலோ வைஸ் வேலை தேவையில்லை, முழு இழுவைச் சோதனை மட்டும் போதும். மூன்றாம் அச்சைத் தொட்டபின் பக்கவாட்டு நிலை கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதைச் சமதரையில் 30 மீட்டரில் எய்து சரிசெய்யுங்கள், சரிவில் அல்ல.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு அச்சுத் திருகின் தலையிலிருந்தும் தகடுவரை வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். திருகு அசைந்தால் கோடு முறியும். போட்டிக்குப் போகும் நாள் காலையில் பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த மூன்று கோடுகளைத்தான்.